வெயில் ஊர்ல பிரட் சுடறவங்களுக்கு – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு வாசகிக்கு பதில் சொல்றப்ப "வீட்லயே பிரட் சுட்டுப் பாருங்களேன்"னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அதுக்கு வந்த கடிதங்களையும் வாட்ஸ்ஆப் மெசேஜையும் பாத்தா, பாதி பேர் ஏற்கனவே சுட்டுப் பாத்து நொந்துபோய்த்தான் உக்காந்திருக்கீங்க போல. அதனால இந்த தடவை முழுக்க பிரட் மட்டும்தான், ஊறுகாய் சந்தேகம் கேட்டவங்க எல்லாம் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

பதிலுக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் பொதுவா ஒரு அளவு குடுத்துடறேன், கீழ நான் சொல்றது எல்லாம் இதை வச்சுத்தான். மைதா 300 கிராம், தண்ணி 185 மில்லி, உப்பு மட்டமா ஒரு டீஸ்பூன், சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன் (3 கிராம்), வெண்ணெயோ எண்ணெயோ 20 கிராம். 8க்கு 4 இன்ச் லோஃப் டின்னுக்கு சரியா இருக்கும். பிசைஞ்சு, ரெண்டு மடங்கா உப்ப விட்டு, காத்தை அமுக்கி எடுத்து, இறுக்கமா சுருட்டி டின்ல வச்சு, டின் விளிம்பைத் தாண்டி அரை இன்ச் எழும்பினதும் 190 டிகிரில ஒரு 30 நிமிஷம். அவ்ளோதான் பிரட். இதுல எங்க எங்க சறுக்குதுன்னு இனி நீங்களே கேட்டிருக்கீங்க.

கேள்வி: அக்கா, யூடியூப்ல ஒரு வெளிநாட்டு லேடி பண்ற மாதிரியே கிராம் கணக்கா அளந்து பண்ணினேன். வெதுவெதுப்பான தண்ணி, வெயில் படற இடத்துல ரெண்டு மணி நேரம் மூடி வச்சேன், டின்ல போட்டு மறுபடி ஒரு மணி நேரம். ஓவன்ல வச்சதும் நடுவுல பள்ளம் விழுந்துடுச்சு, வெட்டினா உதிருது, ஒரு மாதிரி கள்ளு வாடை வேற. ஈஸ்ட் கெட்டுப்போனதா?
– வாசகி, மதுரை

பதில்: ஈஸ்ட் கெட்டுப்போகலைம்மா, ரொம்ப நல்லா வேலை செஞ்சிருக்கு, அதான் பிரச்சனையே. அந்த லேடியோட சமையலறைல 20, 22 டிகிரி இருக்கும், உங்க மதுரைல மே மாசம் அடுப்படில 35க்கு குறையாது. ஈஸ்ட்டோட வேகம் சூடு 10 டிகிரி ஏறினா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும், அப்ப அவங்களுக்கு ரெண்டு மணி நேரம் ஆகற வேலை உங்களுக்கு முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். மிச்ச ஒண்ணேகால் மணி நேரம் அது மாவுல இருந்த சக்கரையைத் தின்னுட்டு, சாராயமும் காத்துமா விட்டுட்டு, கடைசில அந்தக் காத்தைப் பிடிச்சு வைக்கற க்ளூட்டன் (மாவுல இருக்கற புரதம்) வலையும் தளந்து போயிருக்கும். ஓவன் சூடு பட்டதும் தாங்க முடியாம உக்காந்துடும், நீங்க சொன்ன பள்ளம், உதிர்றது, வாடை மூணும் அதுக்கு அடையாளம்தான்.

நம்ம ஊர்ல பிரட் கத்துக்கறவங்க முதல்ல மறக்க வேண்டியது ரெசிபில போட்டிருக்கற அந்த மணிக்கணக்கைத்தான்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன், யாரும் கேக்கறதில்ல. நேரத்தை விட்டுட்டு மாவு எவ்ளோ எழும்பியிருக்குன்னு பாருங்க. பெரிய பாத்திரத்துல ரெண்டு மடங்கு ஆச்சான்னு கண்ணால சொல்றது கஷ்டம், அதனால பிசைஞ்ச மாவுல ஒரு நெல்லிக்காய் அளவு கிள்ளி நேரா இருக்கற ஒரு சின்ன கண்ணாடி டம்ளர்ல அமுக்கி வச்சு, அது நிக்கற மட்டத்துல ஒரு ரப்பர் பேண்ட் போட்டு பெரிய மாவு பக்கத்துலயே வைங்க. டம்ளர்ல ரெண்டு பங்கு உயரம் வந்துடுச்சுன்னா பாத்திரத்துலயும் வந்துடுச்சுன்னு அர்த்தம்.

டின்ல வச்ச பிறகு விரல் சோதனை. விரலை நனைச்சு அரை இன்ச் அழுத்தி எடுங்க. குழி டக்குன்னு மேல வந்தா இன்னும் நேரம் இருக்கு, மெதுவா பாதி வந்து நின்னா உடனே ஓவன்ல தள்ளுங்க, குழி அப்படியே நின்னா தாண்டிடுச்சு. தாண்டினாலும் தூக்கிப் போட வேணாம், மறுபடி லேசா பிசைஞ்சு சுருட்டி வச்சா ஒரு தடவை எழும்பும், முன்னைவிட சீக்கிரமா எழும்பும், பக்கத்துலயே இருங்க. அதுக்கும் பொறுமை இல்லன்னா உருட்டி தோசைக்கல்லுல நான் ரொட்டி மாதிரி போட்டுடுங்க, வெண்ணெய் தடவினா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

தண்ணி விஷயம். வெதுவெதுப்பான தண்ணி எல்லாம் குளிர் ஊர்க்காரங்களுக்கு, இல்லன்னா மார்கழில ஊட்டி, கொடைக்கானல்ல இருக்கறவங்களுக்கு. பிசைஞ்சு முடிச்ச மாவு 26 டிகிரி கிட்ட இருக்கணும்னு வச்சுக்கங்க, அதுக்கு ஒரு மனக்கணக்கு இருக்கு: 52லேர்ந்து மாவோட சூட்டைக் கழிச்சா தண்ணியோட சூடு. மாவு டப்பா அடுப்படிலதான் இருக்கும், அதுவும் 34 டிகிரின்னா தண்ணி 18 இருக்கணும், அதாவது பானைத் தண்ணியும் ஃப்ரிட்ஜ் தண்ணியும் பாதிப் பாதி. கையால பிசையற சூடு ஒண்ணு ரெண்டு டிகிரி ஏத்தும், பரவால்ல. அப்புறம் அந்த வெயில் படற இடம், தயவுசெஞ்சு வேணாம், வீட்லயே குளிர்ச்சியான மூலை எதுவோ அங்க வைங்க.

ஈஸ்ட் மேல இன்னமும் சந்தேகம் இருந்தா கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில ஒரு ஸ்பூன் சக்கரை, ஒரு ஸ்பூன் ஈஸ்ட் போட்டு 10 நிமிஷம் விடுங்க. மேல நுரை கட்டினா உயிரோட இருக்கு. கடைல லூஸா பொட்டலம் கட்டித் தர்ற ஈஸ்ட் மட்டும் வாங்காதீங்க, அது எப்பப் பிரிச்சதுன்னு கடைக்காரருக்கே தெரியாது. பாக்கெட்டா வாங்கி, பிரிச்சதும் காத்துப் புகாத டப்பால போட்டு ஃப்ரீசர்ல வச்சா மாசக்கணக்கா வரும்.

கேள்வி: கப் அளவு போதாதா, தராசு வாங்கியே ஆகணுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: வாங்கியே ஆகணும். மைதாவை ஸ்பூனால அள்ளி கப்புல உதிர்த்தா 120 கிராம், கப்பையே டப்பாக்குள்ள விட்டு அழுத்தி எடுத்தா 150 வரைக்கும் போகும். ரெண்டரை கப் போடறப்ப 75 கிராம் வித்தியாசம், அதுல பிரட் வேற, ரொட்டி வேற ஆயிடும்.

கேள்வி: மேடம், மாவு கையில, மேடையில எல்லாம் ஒட்டுது. மாவு தூவித் தூவி பிசையறேன், ஒட்டறது நிக்குது, ஆனா பிரட் கெட்டியா, செங்கல் கணக்கா வருது. எவ்ளோ நேரம் பிசையணும்? கை வலி தாங்கல.
– வாசகி, சேலம்

பதில்: கேள்விலயே பதில் இருக்கு பாருங்க. தூவித் தூவி எப்படியும் ஒரு 50, 60 கிராம் மாவு உள்ள போயிருக்கும், 185 மில்லி தண்ணிக்கு 360 கிராம் மாவுன்னா அது பூரி மாவுப் பதம். நமக்கெல்லாம் சப்பாத்தி மாவு பிசைஞ்ச கை, ஒட்டினா தப்புன்னு மனசுல பதிஞ்சு போச்சு. பிரட் மாவு ஆரம்பத்துல ஒட்டத்தான் செய்யும், ஒட்டட்டும்.

மாவு, தண்ணி, ஈஸ்ட் மூணையும் கரண்டியால சும்மா கலந்து, ஈரத்துணி போட்டு மூடி 20 நிமிஷம் வேற வேலை பாருங்க. உப்பும் வெண்ணெயும் அதுக்கப்புறம். அந்த 20 நிமிஷத்துல மாவு தண்ணியைக் குடிச்சு, யாரும் பிசையாமலே க்ளூட்டன் பாதி உருவாகியிருக்கும், திரும்பி வந்து தொட்டா நீங்களே நம்ப மாட்டீங்க. பிறகு கைல மாவுக்குப் பதிலா ரெண்டு சொட்டு எண்ணெய் தடவிட்டு 8லேர்ந்து 10 நிமிஷம் பிசைஞ்சா போதும். ஒரு சின்ன உருண்டை எடுத்து விரலால மெல்ல இழுத்துப் பாருங்க, கிழியாம அந்தப்பக்க வெளிச்சம் தெரியற அளவுக்கு மெல்லிசா வந்தா முடிஞ்சது. நம்ம கடை மைதால புரதம் 10 சதவீதம் கிட்டதான் இருக்கும், வெளிநாட்டு பிரட் மாவுல 12, 13, அதனால வீடியோல வர்ற அளவுக்கு ஜவ்வு மெல்லிசா வரலன்னா கவலைப்படாதீங்க. இதே காரணத்துக்காகத்தான் அவங்க சொல்ற தண்ணி அளவையும் அப்படியே எடுத்துக்கக் கூடாது, நம்ம மைதா அவ்ளோ குடிக்காது, 10, 15 மில்லி குறைச்சு ஆரம்பிங்க.

கை வலி இருக்கறவங்க பிசையாமலே பண்ணலாம். நியூயார்க்ல ஜிம் லேஹீன்னு ஒரு பேக்கர், அவர் முறை 2006ல பேப்பர்ல வந்து உலகம் முழுக்கப் பரவுச்சு: தண்ணி கொஞ்சம் தூக்கலா, ஈஸ்ட் கால் டீஸ்பூன், கலந்து மூடி வச்சுட்டு 12லேர்ந்து 18 மணி நேரம் மறந்துடறது. சேலத்துல 18 மணி நேரம் வெளில வச்சா கூழாயிடும், 6, 7 மணி நேரமே நிறைய. ராத்திரி கலந்து ரெண்டு மணி நேரம் வெளில, பிறகு ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு காலைல எடுத்து சுடுங்க, ருசியும் இதுலதான் அதிகம்.

கேள்வி: உப்பு ஈஸ்ட்டைக் கொன்னுடும்னு சொல்றாங்களே, உப்பே போடாம விட்டா என்ன?
– கல்லூரி மாணவி, விழுப்புரம்

பதில்: ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உலர்வா கிடந்தா ஒண்ணும் ஆகாது, உப்புத்தண்ணில ஈஸ்ட்டை ஊறப் போடாம இருந்தா போதும். உப்பு ஈஸ்ட்டோட வேகத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், க்ளூட்டனை இறுக்கும், நம்ம வெயிலுக்கு ரெண்டுமே தேவை. உப்பில்லாத பிரட் வேகமா உப்பும், தொளதொளன்னு இருக்கும், வாய்ல வைக்க முடியாது.

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்றவன், வயது 70. கடை பிரட்டில் புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனம் கலப்பதாக சில வருடங்களுக்கு முன் பேப்பரில் படித்தேன். அதனால்தான் வீட்டிலேயே செய்யச் சொல்லி மருமகளை வற்புறுத்துகிறேன். நான் செய்வது சரிதானே அம்மா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, நீங்க படிச்சது பொட்டாசியம் புரோமேட் பத்தி. 2016 மே மாசம் டெல்லில இருக்கற அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 38 பிரட், பன் வகைகளை சோதிச்சு 84 சதவீதத்துல புரோமேட்டோ அயோடேட்டோ இருக்குன்னு சொன்னாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1999லயே புரோமேட்டை புற்றுநோய் வரவைக்க வாய்ப்பிருக்கறதுன்னு வகைப்படுத்தியிருந்தது, பிரிட்டன்ல அது 1990லேர்ந்தே கிடையாது. இங்க ரிப்போர்ட் வந்த அடுத்த மாசமே, 2016 ஜூன்ல, உணவு பாதுகாப்பு ஆணையம் அனுமதிப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்க. சட்டப்படி இப்ப அது சேர்க்கக் கூடாது, பாக்கெட் வாங்கினா பின்னாடி இருக்கற பட்டியலைப் படிங்க. பலவீனமான மாவையும் நல்லா உப்ப வைக்கறதுக்காகப் போட்டது அது, வீட்ல பண்றப்ப அந்த வேலையை நேரமும் கையும் பாத்துக்கும்.

கேட்டதுக்கு பதில் சொல்லிட்டேன். கேக்காததையும் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. பிரட் பிசையறதுக்கு 70 வயசு ஒரு தடையே இல்ல, ஓய்வுல இருக்கறவங்களுக்குத்தான் பக்கத்துல உக்காந்து மாவு எழும்பறதைப் பாக்க நேரமும் இருக்கு. மருமகளை வற்புறுத்தறதை விட்டுட்டு நீங்களே ஒரு ஏப்ரனை மாட்டிக்கங்க.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரருக்கு சுகர். மைதா இல்லாம முழுக்க கோதுமை மாவுல பண்ணினா அடை மாதிரி வருது. கடைல கோதுமை பிரட் மட்டும் எப்படி அவ்ளோ மெத்துன்னு இருக்கு? ராகி பிரட் வீட்ல பண்ண முடியுமா?
– வாசகி, திருச்சி

பதில்: கடை கோதுமை பிரட்டைக் கையில எடுத்து பாக்கெட்டைத் திருப்புங்க. எது எடை அதிகமோ அதை முதல்ல போடணும்ங்கறது விதி. முதல் பேரே மைதா, இல்ல சுத்திகரிச்ச கோதுமை மாவுன்னு இருந்தா அது மைதா பிரட்தான், நிறத்துக்கு கேரமலும் கொஞ்சம் தவிடும் சேர்த்திருப்பாங்க. அதோட மெத்துமெத்துப்பைப் பாத்து நீங்க ஏங்க வேணாம்.

ஆட்டா ஏன் எழும்ப மாட்டேங்குதுன்னா, புரதம் கம்மின்னு இல்ல, மைதாவைவிட சில சமயம் கூடவே இருக்கும். ஆனா அதுல இருக்கற தவிடு கூரா இருக்கும், பிசையற ஒவ்வொரு தடவையும் க்ளூட்டன் வலையை அறுத்துக்கிட்டே இருக்கும். இன்னொண்ணு, சக்கில கல்லுக்கு நடுவுல நசுங்கி அரைபடறதால மாவுச்சத்து உடைஞ்சு போயிருக்கும், அது தண்ணியை நிறையக் குடிக்கும். சப்பாத்தி மிருதுவா வர்றதுக்கு அதான் காரணம், பிரட்டுக்கு அதுவே வினை. அதனால 300 கிராம் ஆட்டாவுக்கு 185 மில்லி பத்தவே பத்தாது, 225லேர்ந்து 235 வரைக்கும் ஊத்துங்க, ஐயோ இவ்ளோ தண்ணியான்னு தோணும், தோணட்டும். கலந்துட்டு 40 நிமிஷம் சும்மா விட்டா தவிடு ஊறி அதோட கூர்மை குறையும். உப்ப வைக்கறப்ப ரெண்டு மடங்குக்குக் காத்திருக்காதீங்க, ஒன்றரை மடங்கு வந்ததுமே அடுத்த வேலைக்குப் போயிடுங்க, ஏன்னா இந்த வலைக்கு அவ்ளோதான் தாக்குப்பிடிக்கற சக்தி.

நேரா முழு ஆட்டாவுக்குத் தாவாம, முதல் தடவை 100 கிராம் ஆட்டா 200 மைதா, அது கைக்கு வந்ததும் பாதிப் பாதி, அப்புறம் முழுசு, இப்படிப் போங்க. அவசரம்னா ஆன்லைன்ல கோதுமை க்ளூட்டன் பொடின்னு விக்குது, 300 கிராமுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் போட்டா நல்லாவே எழும்பும். ராகில க்ளூட்டனே கிடையாது, மொத்த மாவுல 15 சதவீதம் வரைக்கும் கலக்கலாம், நிறமும் வாசனையும் அருமையா இருக்கும், அதுக்கு மேல போனா வெடிச்சு நிக்கும்.

ஒரு விஷயம் மட்டும். ஆட்டா பிரட்டும் மாவுச்சத்துதான். நார்ச்சத்து கூட இருக்குன்னு நாலு ஸ்லைஸ் சேர்த்து வைக்காதீங்க, அவருக்கு எத்தனைன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.

கேள்வி: எங்ககிட்ட ஓடிஜி (கரண்ட் ஓவன்) இல்ல, மைக்ரோவேவும் குக்கரும்தான் இருக்கு. குக்கர்ல பிரட் வருமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வெறும் மைக்ரோவேவ்னா பிரட்டை மறந்துடுங்க, அது தண்ணியைச் சூடாக்கும், தோலைச் சிவக்க வைக்காது. கன்வெக்‌ஷன் பட்டன் இருந்தா அது ஓவன் மாதிரியே வேலை செய்யும், 180ல வைங்க. குக்கர்ல வரும், ஆனா தண்ணி இல்லாம அலுமினியக் குக்கரை முக்கால் மணி நேரம் காய வைக்கறது எனக்கு மனசு ஒப்பல, பாத்திரம் பாழாகும். பழைய கனமான இரும்புக் கடாய் இருந்தா அடில ஒரு இன்ச் கல் உப்பு பரப்பி, அது மேல ஒரு ஸ்டாண்டு, நல்லா மூடற மூடி, 10 நிமிஷம் காய விட்டு டின்னை உள்ள வச்சு சிம்ல 40, 45 நிமிஷம். குக்கர்தான்னா கேஸ்கட்டையும் வெயிட்டையும் கண்டிப்பா கழட்டிடணும், இதுல மட்டும் விளையாட்டு வேணாம்.

எப்படிப் பண்ணினாலும் மேல்பக்கம் வெளுப்பாத்தான் இருக்கும், மேலேர்ந்து சூடு வராதே. வெந்ததும் வெண்ணெய் தடவி தோசைக்கல்லுல கவுத்துப் போட்டு ரெண்டு நிமிஷம் விட்டா சிவந்துடும். உள்ள வெந்திருக்கான்னு குச்சி விட்டுப் பாக்கறது கேக்குக்கு சரி, பிரட்டுக்கு தெர்மாமீட்டர் இருந்தா நடுவுல 94, 95 டிகிரி காட்டணும், இல்லன்னா டின்லேர்ந்து எடுத்து அடியைத் தட்டுங்க, கூடு மாதிரி வெத்துச் சத்தம் வரணும். இனிமே ஓடிஜி வாங்கறவங்க 25 லிட்டருக்குக் குறையாம வாங்குங்க, சின்னதுல டின்னோட தலை மேல் ராடு கிட்டப் போய் 15 நிமிஷத்துலயே கருகுது. கருகற மாதிரி தெரிஞ்சா அலுமினியம் ஃபாயிலை லேசா மேல போத்திடுங்க.

கேள்வி: இட்லி மாவுதான் தினமும் பொங்குதே, அதையே ஈஸ்ட்டுக்குப் பதிலா ஊத்தினா பிரட் வராதா? ஈஸ்ட் இல்லாத சவர்டோன்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நல்ல கேள்வி, எனக்கும் ரொம்ப நாள் இந்த ஆசை உண்டு. ரெண்டுலயும் மாவுல தானா இருக்கற நுண்ணுயிர்தான் வேலை செய்யுது, அந்த அளவுல ஒண்ணுதான். ஆனா இட்லி மாவைப் பொங்க வைக்கறது பெரும்பாலும் பாக்டீரியா, லியூக்கனோஸ்டாக்னு பேரு, உளுந்துலேர்ந்தே வர்றது. அது விடற காத்து இட்லி மாவுக்குப் போதும், ஏன்னா உளுந்தோட வழவழப்பு அந்தக் குமிழைப் பிடிச்சு வச்சுக்கும், நீங்களும் உடனே ஆவில வச்சுடுவீங்க. பிரட் மாவு கெட்டி, அதைத் தள்ளி எழுப்பறதுக்கு ஈஸ்ட்டோட பலம் வேணும். இட்லி மாவு ஊத்தினா எழும்பறதுக்குள்ள புளிச்சு, புளிப்புல க்ளூட்டனும் தளந்துடும். ருசிக்காக ரெண்டு டேபிள்ஸ்பூன் ஊத்துங்க, ஈஸ்ட்டையும் போடுங்க, நல்லா இருக்கும்.

சவர்டோ ஸ்டார்ட்டர்ல, அதாவது ஈஸ்ட்டுக்குப் பதிலா சேர்க்கற புளிச்ச தாய் மாவுல, காட்டு ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் சேர்ந்து குடும்பம் நடத்தும். கோவால ஒரு காலத்துல பேக்கரிக்காரங்க தென்னங்கள்ளை ஊத்தித்தான் பாவ் மாவை எழுப்பினாங்க, கள்ளுல ஈஸ்ட் தானாவே இருக்கும். கள்ளு கிடைக்காத நம்ம, ஆட்டாவும் தண்ணியும் சம எடை கலந்து, தினமும் பாதியை எடுத்துட்டு புதுசு சேர்த்துட்டு வந்தா ஒரு வாரம் பத்து நாள்ல ஸ்டார்ட்டர் வந்துடும். ரெண்டாம் நாளே நுரைச்சுப் பொங்கும், ஆஹான்னு பிரட் பண்ணிடாதீங்க, அது வேற பாக்டீரியா. மூணாம் நாள் நாலாம் நாள் செத்த மாதிரி கிடக்கும், அப்ப தூக்கிப் போட்டுடறவங்கதான் அதிகம், அதுக்கப்புறம்தான் நிஜமான ஈஸ்ட் தலை தூக்கும். நம்ம சூட்டுக்கு ஒரு பங்கு பழசுக்கு ஒரு பங்கு மாவுங்கற கணக்கு நாலு மணி நேரத்துல தீந்து போயிடுது, 1க்கு 5 பங்கு மாவு 5 பங்கு தண்ணின்னு குடுங்க. வாரத்துக்கு ஒரு தடவை சுடறவங்க ஃப்ரிட்ஜ்ல போட்டு வைங்க. ஆனா முதல் பிரட்டே சவர்டோவா வேணாம், பாக்கெட் ஈஸ்ட்ல கை பழகட்டும்.

கேள்வி: கடை பிரட் மாதிரி மறுநாளும் மெத்துன்னு இருக்க என்ன சேர்க்கணும்?
– வாசகி, சென்னை

பதில்: கடை பிரட் மாதிரி வராது, வரவும் வேணாம். 1961ல இங்கிலாந்துல சோர்லிவுட்ங்கற ஊர்ல ஒரு முறை கண்டுபிடிச்சாங்க, ராட்சச மிக்ஸர்ல ரெண்டு மூணு நிமிஷம் வெறித்தனமா அடிச்சு, கூடுதல் ஈஸ்ட், கொழுப்பு, இம்ப்ரூவர் எல்லாம் போட்டு மணிக்கணக்கான வேலையைச் சுருக்கினது. ஃபேக்டரி பிரட்ல இருக்கற அந்த ஒரே சீரான மிருது அந்த மாதிரி மெஷினால வர்றது, நம்ம கைக்கு அது கிடையாது.

வேற வழி இருக்கு. 300 கிராம்ல 20 கிராம் மைதாவை எடுத்து 100 மில்லி தண்ணில கரைச்சு சிம்ல கிண்டுங்க, போஸ்டர் ஒட்டற பசை மாதிரி வந்ததும் இறக்கி நல்லா ஆற விடுங்க. 65 டிகிரில மாவுச்சத்து வெந்து தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும், திரும்ப விடாது. ஜப்பான், சீனா, தைவான் பக்கம் பால் பிரட் எல்லாம் இப்படித்தான். மிச்சம் 280 மாவுல இந்தப் பசையையும் 100 மில்லி பாலையும் சேர்த்துப் பிசைங்க, மொத்த ஈரம் கூடுதலா இருந்தாலும் கைல ஒட்டாது. மூணாம் நாளும் மெத்துன்னு இருக்கும், அதுவரைக்கும் மிச்சம் இருந்தா.

கேள்வி: அக்கா, நான் யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். இஞ்ச பேக்கரியில விறகுப் போறணையில (ஓவன்) சுட்ட பாணின்ர (பிரட்டோட) தோல் மொறுமொறுவெண்டு இருக்கும். வீட்டு ஓவினில சுட்டா தோல் மெத்தெண்டு போகுது. என்ன செய்யலாம்?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: போறணைக்குள்ள விறகு எரிஞ்சு செங்கல்லு முழுக்க சூடு ஏறியிருக்கும், பாண் உள்ள போன நிமிஷமே அடிலயும் மேலயும் ஒரே அடி. கூடவே நிறைய பாண் ஒரே நேரத்துல வேகறதால அதோட ஆவியே உள்ள நிக்கும். ஆவி தோலை முதல் பத்து நிமிஷம் காய விடாம வச்சிருக்கும், பாண் நல்லா விரியும், பிறகு காஞ்சு மொறுமொறுப்பாகும்.

வீட்ல இந்த ரெண்டையும் ஒரு கனமான மூடி போட்ட இரும்புச் சட்டிலயே கொண்டு வரலாம், மூடில பிளாஸ்டிக் பிடி இருக்கக் கூடாது. ஓவன்லயே சட்டியை 230 டிகிரில அரை மணி நேரம் காய விட்டு, மாவை உள்ள இறக்கி மூடி 20 நிமிஷம், மூடியை எடுத்துட்டு இன்னொரு 15, 20 நிமிஷம். பாலும் வெண்ணெயும் சக்கரையும் இந்த மாவுல வேணாம், அதெல்லாம் தோலை மிருதுவாக்கறது. கோதுமை மா (நம்ம ஊர் மைதா), தண்ணி, உப்பு, ஈஸ்ட் நாலும் போதும். எடுத்ததும் துணியால மூடாதீங்க, கம்பி ஸ்டாண்டுல காத்தாட வைங்க. ஆனா கடற்கரை ஊர் ஈரக்காத்துக்கு சாயங்காலத்துக்குள்ள தோல் நமுத்துத்தான் போகும், அஞ்சு நிமிஷம் திரும்ப ஓவன்ல காட்டிட்டு சம்பலோட சாப்பிடுங்க.

கேள்வி: பிரட் ஃப்ரிட்ஜ்ல வச்சா வறண்டு போகுது, வெளில வச்சா மூணு நாள்ல பூசணம். ஒரு தடவை உள்ள அழுகின பழ வாடை அடிச்சு, பிச்சா நூல் நூலா வந்துச்சு. ஏன்?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: ஃப்ரிட்ஜ் குளிர்ல மாவுச்சத்து சீக்கிரமா கெட்டிப்படும், வெளில வைக்கறதைவிட வேகமா. அதனால ஒண்ணு வெளி, இல்ல ஃப்ரீசர். நல்லா ஆறினதும் ஸ்லைஸ் போட்டு ரெண்டு நாள் தேவையை டப்பால வச்சுட்டு, மிச்சத்தை கவர்ல கட்டி ஃப்ரீசர்ல போடுங்க, வேணும்ங்கறப்ப நேரா டோஸ்ட்டர்லயோ தோசைக்கல்லுலயோ போடலாம். பூசணம் வந்ததைச் சுரண்டிட்டு சாப்பிடறது வேணாம், அதோட நூல் கண்ணுக்குத் தெரியாம உள்ள ஓடியிருக்கும்.

அந்த நூல் நூலா வந்தது வேற சமாச்சாரம், பேசில்லஸ் வகை பாக்டீரியா. அதோட விதை ஓவன் சூட்டையும் தாங்கிடும், உங்க ஊர் புழுக்கத்துல நல்லா வளரும். அந்த பிரட்டை அப்படியே வெளில போட்டுட்டு, மாவு டப்பா, மேடை, டின் எல்லாம் வினிகர் போட்டுத் துடைங்க. அடுத்த தடவை மாவுலயே ஒரு டீஸ்பூன் வினிகர் சேருங்க, ருசில தெரியாது. இன்னொண்ணு, சூடா இருக்கறப்பவே டப்பால போட்டு மூடற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, ஒன்றரை மணி நேரமாவது ஆறணும்.

கேள்வி: கடைல வாங்கறதைவிட வீட்ல சுட்டா காசு மிச்சமா?
– வாசகர், ஈரோடு

பதில்: பெருசா இல்ல. 1400 வாட்ஸ் ஓடிஜி காயறதும் வேகறதும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஓடினா ஒரு யூனிட்டுக்குள்ள கரண்ட், அது போக வெண்ணெய், பால். சாதா பிரட்ல பத்து ரூபா மிஞ்சலாம், மிஞ்சாமலும் போகலாம். தராசு, டின், ஓடிஜி வாங்கின காசை இதுல எடுக்கணும்னு கணக்குப் போட்டா ரொம்ப வருஷம் சுடணும். காசுக்காகன்னா வேணாம்.

கேள்வி: அக்கா, ஒரு வழியா பிரட் நல்லா வந்துடுச்சு! வாசனைக்கு பக்கத்து வீட்டுப் பசங்க எல்லாம் வந்துடறாங்க, ஒண்ணு பத்தல. ரெண்டு பிரட் ஒண்ணா போடறப்ப ஈஸ்ட்டையும் ரெண்டு மடங்கு போடணுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: எல்லாமே ரெண்டு மடங்கு, ஈஸ்ட் மட்டும் ஒண்ணேமுக்கால் டீஸ்பூன் போதும், மாவு பெருசா இருந்தா சூட்டை உள்ள பிடிச்சு வச்சு தானா வேகம் எடுக்கும். ஆனா ரெண்டு டின்னையும் ஒரே நேரத்துல சின்ன ஓடிஜிக்குள்ள திணிக்காதீங்க, காத்து சுத்த இடம் இல்லாம ரெண்டும் ஒரு பக்கம் வெளுத்து ஒரு பக்கம் கருகும். சுருட்டினதும் ஒரு டின்னை வெளில எழும்ப விட்டு, ரெண்டாவதை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு அப்புறம் வெளில எடுங்க, முதல் பிரட் வெந்து இறங்கறப்ப அது சரியா தயாரா நிக்கும்.